வண்டலூர் ஜூவுக்கு வர்ற நம்ம ஜனங்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல பொண்ணைக் கூட்டிட்டு வண்டலூர் போயிருந்தேன், அன்னிக்குப் பார்த்தது இன்னும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதுறேன்.

புலி இருக்கிற இடத்துக்கு நாங்க போனப்ப அது புதர் நிழல்ல தூங்கிட்டு இருந்துச்சு, காதும் கொஞ்சம் முதுகும்தான் தெரிஞ்சுது. ஒரு குடும்பம் வந்தாங்க, "ஏய் எந்திரி"ன்னு கத்தினாங்க, விசிலடிச்சாங்க, ஒருத்தர் தண்ணி பாட்டில் மூடியைக் கூட வீசினார், ரெண்டு நிமிஷத்துல "சும்மா படுத்துக் கெடக்கு, வா போலாம்"னு கிளம்பிட்டாங்க. அடுத்து வந்தவங்களும் அதேதான். புலி பெரும்பாலும் ராத்திரிலயும் விடியக்காலைலயும் நடமாடுற ஜீவன்ங்க. சிங்கம் ஒரு நாளைக்கு 20 மணி நேரம் வரைக்கும்கூட படுத்தே கெடக்கும், நீங்க சிங்கம் வாழுற குஜராத் கிர் காட்டுக்கே போனாலும் மத்தியானத்துல இதைத்தான் பார்ப்பீங்க.

நாங்க நகரல. முக்கால் மணி நேரம் இருக்கும், புலி எழுந்துச்சு, முன்னங்காலை நீட்டி சோம்பல் முறிச்சுது, வேலியோரமா மெதுவா நடந்து ஒவ்வொரு மரமா மோந்து பார்த்துட்டு ஒரு மரத்துக்கு முதுகைக் காட்டி வாலைத் தூக்கி மூத்திரத்தைப் பீய்ச்சி அடிச்சுது, இது என் இடம்னு அது எழுதி வைக்கிற முறை அது. அப்புறம் தண்ணியில பின்பக்கமா இறங்கி கழுத்து வரைக்கும் உக்காந்துருச்சு. என் பொண்ணு என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல.

எங்க அப்பா சின்ன வயசுல பார்த்த ஜூ வேற. சென்னை மூர் மார்க்கெட் பக்கத்துல இருந்தது, 1855ல ஆரம்பிச்சது, மியூசியத்தை செத்த காலேஜ்னும் இதை உயிர் காலேஜ்னும் சொல்லுவாங்களாம். இரும்புக் கூண்டுக்குள்ள சிங்கம் முன்னும் பின்னும் நடந்துக்கிட்டே இருக்கும்னு அப்பா சொல்லுவார், பார்க்கிறவங்களுக்கு அது சுறுசுறுப்பா தெரியும், ஆனா அடைபட்ட மிருகம் அப்படி ஓயாம நடக்கிறது மன உளைச்சல்ல. அந்த நெருக்கடி வேணாம்னுதான் வண்டலூர் காட்டுப் பக்கம் இடம் எடுத்து, கம்பிக்குப் பதிலா அகழி வெட்டி, மரம் புதர் எல்லாம் விட்டு 1985ல திறந்தாங்க. ஒளிஞ்சுக்க இடம் இருக்கிறதாலதான் மிருகம் ஒளியுது, அதைக் குறைன்னு சொல்லாதீங்க.

முதலை வாயைத் திறந்துக்கிட்டு அசையாம கெடந்தா பொம்மைன்னு நெனச்சு கல்லெறியுறாங்க, அது உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அப்படிக் கெடக்கு. சிங்கவால் குரங்குக்கு சிப்ஸ் போடுறாங்க. மேற்குத் தொடர்ச்சி மலை சோலைக்காட்டுல மர உச்சியிலயே வாழுற குரங்கு, உலகத்துல வேற எங்கயும் காட்டுல கிடையாது, அதைத் தரைக்கு வர வச்சு கையேந்த வைக்கிறோமேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. ஜூவுல மிருகங்களைச் சீண்டுறது, தீனி போடுறது, சத்தம் போட்டுத் தொந்தரவு பண்றது எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், 38ஜெ பிரிவு.

ஒரே நாள்ல அத்தனையும் பார்த்துடணும்னு ஓடாதீங்க. ரெண்டு மூணு இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கோங்க, செவ்வாய்க்கிழமை லீவு, மத்த நாள்ல கேட் திறந்த உடனே வாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள அதுங்க நடமாட்டம் தெரியும். பிள்ளைங்களை நிழல்ல உக்கார வச்சு "அது இப்ப என்ன பண்ணப் போகுது, பாரு"ன்னு மட்டும் சொல்லுங்க.

அடுத்த மாசம் நாங்க திரும்பப் போறோம். புலி முன்னாடி ஒரு அப்பாவும் ஒரு பொண்ணும் பேசாம நின்னுட்டு இருந்தா பக்கத்துல வந்து நில்லுங்க, இடம் விடுறோம்.