வீடியோ கால் சிக்கியதற்குக் காரணம் எங்கள் ரவுட்டர்தான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக வீடியோ கால் சிக்கிச் சிக்கி வருகிறது, பேச்சு பாதியில் அறுந்துபோகிறது என்று பலரும் போன் செய்தீர்கள். "பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றே நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அது எங்கள் தவறு. உங்கள் வைஃபை பாக்ஸில் குறை இல்லை; எல்லாத் தெருக்களுக்கும் நெட்டைப் பிரித்து அனுப்பும் எங்கள் ரவுட்டரில்தான் குறை. மன்னிக்க வேண்டும்.

பிடிபடாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் பிங் (லைனில் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டுப் பார்த்தபோதெல்லாம் லைன் சுத்தமாகவே தெரிந்தது. நெட்டில் எதுவும் பாக்கெட் என்ற துண்டுகளாகத்தான் போகும். பிங் பாக்கெட் 64 பைட் போலச் சின்னது. வீடியோவும் ஃபைலும் 1500 பைட் வரைக்கும் பெரிய பாக்கெட்டுகளாக வரும். வழியில் ஒரே ஒரு பிட் கெட்டாலும் பாக்கெட் முழுவதும் வீண். பெரிய பாக்கெட்டுக்கு அடிபடும் வாய்ப்பு அதிகம். வாங்கும் ரவுட்டர், பாக்கெட் கெடாமல் வந்ததா என்று காட்டும் சிஆர்சி கணக்கைச் சரிபார்த்து, பொருந்தாததைத் தூக்கிப் போட்டுவிடும். அனுப்பும் சர்வரோ லைனில் நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வெளியிலிருந்து எங்களுக்கு நெட் கொண்டுவரும் லைன் ரவுட்டரில் வந்து சேரும் போர்ட்டில் (செருகும் இடத்தில்), சிஆர்சி பொருந்தாத பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைச் சைபராக்கிவிட்டு உட்கார்ந்து பார்த்தோம். டீ குடித்து முடிப்பதற்குள் நூறைத் தாண்டிவிட்டது. முதலில் ஃபைபர் முனையைத் துடைத்தோம். ஒளி போகும் பாதை 9 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது; ஒரு தூசி போதும் கெடுக்க. எர்ரர் நிற்கவில்லை. பேட்ச் கார்டை (ரவுட்டரில் செருகும் குட்டை ஃபைபர் கேபிளை) மாற்றினோம், அப்புறம் எஸ்எஃப்பி மாட்யூலை (ஒளியை மின் சிக்னலாக்கும் சின்னக் கருவியை) மாற்றினோம். அதே கதை. பக்கத்துப் போர்ட்டிலும் ஏறியது. கடைசியில் அதே மாட்யூலையும் அதே ஃபைபரையும் புது ரவுட்டரில் செருகி ஓர் இரவு முழுக்க விட்டோம். காலையில் எண்ணிக்கை சைபர். பழைய ரவுட்டரின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுதான் பழுதாகியிருக்கிறது.

இப்போதைக்கு வெளி லைன் புது ரவுட்டரில் இறங்கி, அங்கிருந்து ஒரு கேபிளில் பழையதற்குப் போகிறது. இதை இப்படியே விட முடியாது. இரண்டில் எது படுத்தாலும் ஊர் முழுக்க நெட் நிற்கும். அதனால் வரும் ஞாயிறு அதிகாலை 2 மணி முதல் 4 மணிக்குள் எல்லாத் தெருக்களையும் புது ரவுட்டருக்கு மாற்றுகிறோம். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு அது சனிக்கிழமை, லீவு நாள் என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலில் எங்கள் அலுவலக இணைப்பு, பிறகு ஒவ்வொரு தெருவாக மாற்றுவோம். உங்கள் தெருவின் முறை வரும்போது சில நிமிடம் நெட் அறுந்து தானாகத் திரும்பும். யூசர்நேம், பாஸ்வேர்டு எதுவும் மாறாது. காலையில் வரவில்லையென்றால் பாக்ஸை அணைத்து 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். பழைய இணைப்பே உயிரோடு இருப்பதாகச் சில பாக்ஸ்கள் காத்துக்கொண்டிருக்கும்.

சிசிடிவிக்காக நிலையான ஐபி (மாறாத நெட் முகவரி) வாங்கிய கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஐபியும், உங்கள் கருவி நெட்டுக்குப் போகும் வாசலான கேட்வேயின் முகவரியும் அப்படியே இருக்கும். ஆனால் கேட்வேக்குப் பின்னால் இருக்கும் பெட்டி வேறு. உங்கள் கருவி பழைய பெட்டியின் அடையாளத்தையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கலாம். கடையைத் திறந்ததும் அதை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

4 மணிக்குள் முடியாத தெருக்களைப் பழையபடியே விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு தொடர்வோம். வரும் ஞாயிறு காலை 6 மணியிலிருந்தே கடையில் ஆள் இருக்கும். வழக்கமான எண்ணுக்கே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெட் கடைக்காரர்கள்