முதல் சஃபாரிக்கு ஏற்ற மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கென்யா, தான்சானியா நாடுகளின் வனவிலங்குகளைக் காண ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களே ஏற்றவை என்று தங்கள் சுற்றுலாப் பக்கக் கட்டுரை ஒன்று கூறியிருந்தது. அது தவறன்று, ஆனால், முதன்முறை செல்வோருக்கு வேறு பருவமே இல்லை என்பதுபோல் எழுதியிருந்ததை ஏற்க இயலவில்லை.

அம்மாதங்களில் புல் காய்ந்து, விலங்குகள் நீர்நிலைகளை நாடி வருவதும், வில்டபீஸ்ட் மான் கூட்டங்கள் முதலைகள் நிறைந்த மாரா ஆற்றைக் கடப்பதும் உண்மையே. எனினும், அக்கூட்டம் எந்த நாளில், ஆற்றின் எந்தத் துறையில் இறங்கும் என்பதை வழிகாட்டிகளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நாளெல்லாம் கரையில் காத்திருந்து வெறுமனே திரும்புவோரும் உண்டு. கட்டணமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி என்பேன். அப்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் தான்சானியாவின் செரெங்கெட்டி வனவிலங்குப் பகுதியின் தென்புறச் சமவெளியில் திரண்டிருக்கும். கன்றுகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடும். எரிமலைச் சாம்பல் படிந்த அம்மண்ணின் புல், பால் கொடுக்கும் தாய்களுக்கு வேண்டிய தாது உப்புகள் நிறைந்தது. குட்டையாகவே வளர்வது என்பதால், கன்றுகளைத் தேடி வரும் சிங்கமும் கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் வெட்டவெளியில் கண்ணுக்குத் தெரியும். பிறந்த சில நிமிடங்களிலேயே கன்று எழுந்து தாயின் பின்னே ஓடுவதைக் காண, எந்த ஆற்றங்கரையிலும் காத்திருக்க வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கு வசதியான ஏப்ரல், மே விடுமுறைதான் அங்கே பெருமழைக் காலம். விவரம் அறியாமல் மே மாதத்தில் பேரப்பிள்ளைகளுடன் கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்துக்குச் சென்ற எங்களுக்கு, சேற்றில் புதைந்த வண்டியை இழுத்தெடுப்பதிலேயே அரைநாள் கழிந்தது. அங்கும் கரிசல் மண்தான். நனைந்த கரிசலில் வண்டி என்ன பாடுபடும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பருவத்தில் கட்டணம் குறைவு என்பது உண்மை. சில தங்குமிடங்கள் மூடியே கிடக்கும் என்பதும் உண்மை.

பிப்ரவரியில் பள்ளியை விட்டுவரப் பிள்ளைகளால் இயலாது. அவர்களுடன் செல்வோருக்கு, செப்டம்பர் இறுதியில் தொடங்கும் காலாண்டு விடுமுறை பொருத்தமானது. கூட்டங்கள் அப்போதும் மாராப் பகுதியில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், கோவில்பட்டி