நெட்பிஎஸ்டிக்குச் சோதனை நிரல் எழுதியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நெட்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்தின் புதிய வெளியீடு வந்தால் புதிய வன்பொருள் ஆதரவையும் வேகத்தையும் எல்லாரும் பாராட்டுகிறோம். அந்த வெளியீட்டை நம்பி நிறுவ வைத்த சோதனை நிரல்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. நெட்பிஎஸ்டியின் சி மொழி நூலகத்துக்கு அவ்வப்போது சிறு திருத்தங்கள் அனுப்பும் எனக்கு அது உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஜூலியோ மெரினோவுக்கு. 2007இல் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் ஏடிஎஃப் என்ற தானியங்கிச் சோதனைக் கட்டமைப்பைத் தொடங்கினீர்கள். அதற்கு முன்பும் சோதனைகள் இருந்தன. ஆனால் மூல நிரல் முழுவதையும் இறக்கி, தொகுத்தால்தான் அவற்றை ஓட்ட முடியும். கவனிப்பாரின்றிப் பல பழுதாகியும் போயின. 2009இல் வந்த 5.0 வெளியீட்டில் ஏடிஎஃப் இடம்பெற்றது. இன்று சோதனைகள் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகின்றன. நிரல் எழுதத் தெரியாத பயனரும் தம் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு சோதனைக்கும் தனியாக ஒரு தற்காலிக அடைவு. வேறு அளவு குறிப்பிடாவிட்டால் 300 நொடி கெடு. ஒன்று தொங்கிப் போனாலும் மற்றவை நிற்பதில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளமும் இதை எடுத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

ஆன்ட்டி கான்டீ, உங்கள் ரம்ப் என்ற ஏற்பாடு இல்லாமல், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் இவ்வளவு துணிந்து சோதனை செய்திருக்க முடியாது. கோப்பு முறைமையையோ வலையமைப்புப் பகுதியையோ சாதாரண நிரல்போல் தனிச் செயலாக ஓட்டலாம் என்று காட்டினீர்கள். அப்படி ஓடும் கர்னல் பகுதி நிலைகுலைந்தாலும் அந்த ஒரு செயல்தான் சாகிறது. கணினி தன் பாட்டுக்கு ஓடுகிறது.

ஆண்ட்ரியாஸ் குஸ்டாஃப்சன், உங்கள் அனிடா என்ற நிரல், கியூஇமு என்ற மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் கணினியில் நெட்பிஎஸ்டியைத் தானாகவே நிறுவுகிறது. நிறுவியின் கேள்விகளுக்கு மனிதர்போல் பதில் சொல்லி முடித்து, பிறகு சோதனைகளை ஓட்டுகிறது. நிறுவியே உடைந்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும். புதிய தோல்வி தலைகாட்டினால் எந்த மாற்றத்தில் தொடங்கியது என்று பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டையும் நீங்கள் நடத்திவருகிறீர்கள். உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் மாற்றங்களைச் சேர்க்கும் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

கட்டமைப்பு இருந்தால் போதுமா? அதை நிரப்பியவர்கள் நீங்கள், பெயர் தெரியாத பலர். உங்களிடம் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. இன்னும் சரிசெய்யப்படாத வழுவுக்கும் சோதனை எழுதி, 'இது தோற்கும்' என்று அறிவித்து, வழு அறிக்கையின் எண்ணையும் அருகில் குறிக்கிறீர்கள். என்றாவது யாரோ எங்கோ செய்த திருத்தத்தால் அந்த வழு மறைந்தால், எதிர்பார்த்த தோல்வி வரவில்லை என்று சோதனையே முறையிடுகிறது. அப்படித்தான் பழைய அறிக்கை மீண்டும் கண்ணில் படுகிறது. வழுவை ஒளிக்காமல் பொதுவில் எழுதிவைக்கும் இந்த நேர்மைக்காகவே இத்திட்டத்தை நம்புகிறேன்.

எண்களைப் படித்துப் பிரிக்கும் சில செயற்கூறுகளின் எல்லை மதிப்புகளுக்குச் சோதனைகள் எழுதிவருகிறேன். விரைவில் அனுப்புகிறேன். வழக்கம்போல் தயவு பார்க்காமல் திருத்துங்கள்.

அன்புடன்,
நெட்பிஎஸ்டி பயனர் ஒருவர்