ஆண்டறிக்கை: மாலை நடைக்குழுவும் புரட்டாசியும்

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் நம் சங்கத்தின் தமிழ் வகுப்பும் பொங்கல் விழாவும் இந்த ஆண்டும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் பேச விரும்புவது, குடியையும் புகையையும் விட நினைப்பவர்களுக்கான மாலை நடைக்குழுவைப் பற்றி.

புரட்டாசி வந்தால் நம் வீடுகளில் கறி நிற்கும், குடியும் நிற்கும். தீபாவளிக்குப் பாட்டில் திரும்பி வந்துவிடும். ஒரு மாதம் விட முடிந்தவருக்கு அடுத்த மாதமும் ஒரு பிடிமானம் வேண்டுமே என்றுதான் புரட்டாசி முதல் நாளில் குழுவைத் தொடங்கினோம்.

நேரம் குறிப்பதில் செயற்குழுவில் நல்ல வாக்குவாதம். காலைதான் உடம்புக்கு நல்லது என்றார்கள் சிலர். ஆனால் சிகரெட்டும் பீரும் கூப்பிடுவது வேலை முடிந்து திரும்பும்போது, அதுவும் சம்பளம் கையில் இருக்கும் வெள்ளிக்கிழமைகளில். அதனால் மாலை 5.30 என்று வைத்தோம். மைதானத்தைச் சுற்றி வேகநடை, முடிந்தவர்களுக்குக் கொஞ்சம் ஓட்டம். 10, 15 நிமிட வேகநடையே அந்த நேரத்துப் புகை ஆசையைத் தணிக்கும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடந்தாலே பழக்கம் அடியோடு போய்விடும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆலோசனையும், தேவைப்பட்டால் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையும் சேர வேண்டும். தடை போட்டால் மட்டும் போதாது என்பதையும் பார்த்துவிட்டோம். 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சிகரெட் விற்கவே கூடாது என்றிருந்தும், கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் பிடித்தவர்களை நமக்கெல்லாம் தெரியும்.

குடி விஷயம் வேறு. புரட்டாசி இரண்டாம் நாள் ஓர் அண்ணன் வந்தார். பல வருடங்களாகத் தினமும் குடித்தவர், விரதத்துக்காகச் சட்டென்று நிறுத்தியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டப் பார்க்கிறார், விரல் நடுக்கத்தில் முடிச்சே விழவில்லை. ஓரடி நடக்குமுன்பே சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. குழுவிலிருந்த நர்ஸ் அக்கா அவரை நடக்க விடாமல் நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தினமும் குடித்தவர் அப்படிச் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தோடு தெளிந்து, சில வாரம் கழித்துத்தான் அவர் மைதானத்துக்கு வந்தார். தீபாவளி அன்று மாலையும் வந்தார்.

அதனால் செயற்குழு ஒரு விதி வைத்திருக்கிறது: தினமும் குடிப்பவர்கள் விரதம் தொடங்குமுன் கிளினிக்குக்கோ, குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் சான்கா (SANCA) அமைப்பின் அலுவலகத்துக்கோ போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். அதற்காகச் சாமி கோபித்துக்கொள்ளாது.

தீபாவளி வாரத்தில் கூட்டம் குறைந்தது; வராதவர்களின் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டோம், சிலர் திரும்பினார்கள். ஜூன், ஜூலையில் டர்பனில் 5 மணி தாண்டியதும் இருட்டத் தொடங்கிவிடுவதால் கோயில் மண்டபத்துக்கு மாறினோம். அங்கே வேகநடைக்கு இடம் போதாது, உட்கார்ந்து எழும் பயிற்சியோடு சரி. மைதானத்துக்கு விளக்குக் கேட்டு நகராட்சிக்கு எழுதியிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு ஆவணியிலேயே ஒரு மருத்துவ ஆலோசனை மாலை நடத்த அனுமதி கேட்கிறேன். மருத்துவமனைக்கு அழைத்துப் போகக் கார் தர முடிந்தவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்