எட்டாவது எபிசோடில் வந்தவர்கள்

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அந்த அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். பேப்பரில் பொடி எழுத்தைக்கூட வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். உனக்குப் பேத்தி பிறந்த சேதியையும் அவர்தான் படித்துச் சொன்னார். மனசு நிறைந்துவிட்டது.

நீ சொன்ன, இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க விமானப் படையினர் பற்றிய ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்’ தொடரின் ஒன்பது எபிசோடையும் பார்த்துவிட்டேன். 1943 அக்டோபர் 10 அன்று ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர் மேல் குண்டு வீசப் போன 100வது குண்டுவீச்சுப் பிரிவின் 13 விமானங்களில் ஒன்றுதான் தளத்துக்குத் திரும்பியது. அந்த பி-17 குண்டுவீச்சு விமானம் ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். அந்தப் பகுதியைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, அதில் நடித்த கறுப்பின நடிகர் ஷூட்டி கட்வா விஷயத்துக்கு வருகிறேன். ‘கணக்குக் காட்டக் கறுப்பின நடிகர்களை நுழைத்துவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தாய். இதில் மட்டும் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. அவர் நடித்த ராபர்ட் டேனியல்ஸ் நிஜ மனிதர். கூட வரும் அலெக்சாண்டர் ஜெஃபர்சன், ரிச்சர்ட் மேக்கன் இருவரும் அப்படித்தான். அலபாமாவின் டஸ்கீகியில் பயிற்சி பெற்று, இத்தாலியிலிருந்து வால் பகுதியில் சிவப்பு அடித்த மஸ்டாங் போர் விமானங்களில் பறந்த கறுப்பின விமானிகள். 1944 ஆகஸ்ட் 12 அன்று பிரான்ஸின் துலோன் அருகே ஜெர்மானிய ரேடார் நிலையங்களைத் தாக்கப் போனபோது மூவருமே சுடப்பட்டு விழுந்தார்கள். மேக்கனுக்குக் கழுத்தெலும்பே முறிந்தது. ஜெர்மானியர்கள் அவர்களை அடைத்த சாகன் போர்க்கைதி முகாமில்தான் 100வது பிரிவின் ஆட்களும் கிடந்தார்கள். யாரும் யாரையும் எங்கேயும் நுழைக்கவில்லை குமார்.

என் கோபம் வேறு. ட்ரெய்லரில் கட்வாவின் முகத்தைக் காட்டி ஆளைக் கூட்டினார்கள். ஜனவரியில் தொடங்கிய தொடரில் அந்த முகத்தைப் பார்க்க மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்ததும் கொஞ்ச நேரம்தான். அமெரிக்காவிலும் பலர் இதைச் சொல்லித்தான் வருத்தப்பட்டார்கள். ஏழு எபிசோடாக மற்றவர்களின் வீடு, காதல், பயம் எல்லாம் நமக்குப் பழகிவிட்டது. இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்றே தெரியாமல் இவர்கள் விமானம் எரிவதைப் பார்க்கிறோம்.

ஜெஃபர்சன் பிற்காலத்தில் சொன்ன ஒன்று என் மனசை விட்டுப் போகவே இல்லை. முகாமுக்குப் புதிதாக வருகிறவன் ஜெர்மானிய உளவாளியாக இருக்கலாம் என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சந்தேகம். கறுப்பரான இவர் உளவாளியாக இருக்க வழியே இல்லை என்று, தென் மாநிலத்து வெள்ளை அதிகாரி ஒருவர் இவரைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டாராம். ஊரில் பக்கத்தில் உட்கார விடாத அதே நிறம்! அப்புறம் போர் முடிந்து நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்கினால், வெள்ளையர் வலப்பக்கம், கறுப்பர் இடப்பக்கம் போ என்று பிரித்து அனுப்பினார்களாம். இந்த ஒரு மனிதரை வைத்தே ஒன்பது எபிசோட் எடுக்கலாமே.

ஜெஃபர்சன் நூறு வயது வாழ்ந்து 2022இல் இறந்துபோனார். இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் தன் வேஷத்தில் ஒரு இளைஞன் நடித்ததைப் பார்த்திருப்பார்.

எட்டாவதை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுது. பொங்கலுக்கு நீ ஊருக்கு வரும்போது மீதியைப் பேசிக்கொள்வோம். பேத்தியின் போட்டோ அனுப்ப மறக்காதே, அம்மா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
ரவி