காந்தளின் சுடர் மேல்நோக்கியே நிற்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மலைப்பூக்கள் பக்கத்தில் செங்காந்தளைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. ஆனால் படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. செடியில் பூ தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். ஆறு இதழ்களும் பின்னால் வளைந்து, நெளிந்த விளிம்போடு மேல்நோக்கி நிற்கும். உங்கள் பக்கத்தில் அவை வாடியதுபோல் தொங்குகின்றன.

சின்ன விஷயம்தானே என்று விட முடியவில்லை. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் இதைச் 'சுடர்ப்பூங் காந்தள்' என்கிறார். முருகன் தலையில் சூடிய கண்ணி, அதாவது தலைமாலை, இந்தப் பூவால் ஆனது. சுடர் கீழ்நோக்கி எரியுமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் சிறுமலையில் இதைப் படம் எடுத்தேன். கொண்டை ஊசி வளைவு 18-ஐயும் தாண்டி, ஒரு புதர் ஓரம். ஒரே கொடியில் பச்சை மொட்டு, அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக விரிந்த பூ, முழுக்கச் சிவந்த பழைய பூ மூன்றும் இருந்தன. இலை நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்திருந்தது. ஈர மண்ணில் மண்டியிட்டு, கேமராவைப் பூவுக்குக் கீழே கொண்டுபோனால்தான் சூலகத் தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீள்வது தெரிகிறது. மகரந்தம் ஒரு பக்கம், அதை வாங்க வேண்டிய இந்தத் தண்டின் நுனி ஒரு பக்கம்.

கூட வந்த பெரியவர், "சாமி சூடுற பூ, வண்டு மொய்க்காது" என்றார். நக்கீரரும் 'சுரும்பும் மூசா', அதாவது வண்டும் மொய்க்காத, என்றுதான் பாடியிருக்கிறார். மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று இதையே விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அங்கே காலையில் ஆட்கள் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைக் கையால் தொட்டு அந்தத் தண்டின் நுனியில் வைப்பார்கள். அந்தத் தண்டு மடங்கியிருக்கும் விதத்தைப் பார்த்த பிறகு, பெரியவர் சொன்னதை வெறும் கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஒன்று. இது நம் மாநில மலர். படம் பார்த்துவிட்டு யாராவது கிழங்கைத் தோண்டி வீட்டில் நடக்கூடும். கிழங்கு கடும் விஷம். தின்றால் உயிருக்கே ஆபத்து. அதையும் ஒரு வரி சேர்த்து, அடுத்த இதழில் படத்தை நேராக வெளியிட வேண்டுகிறேன். என் சிறுமலைப் படங்கள் இரண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.