பழைய சொற்கள் பற்றி, குறூப்பில் உள்ள எல்லாருக்கும்

வணக்கம். நேற்று குறூப்பில் வந்த காணொளியில் ஒரு அரசியல்வாதி மேடையில் ஓர் இனத்தவரைப் பழைய சொல்லால் சொல்லியிருந்தார். அதற்கு, "அவர் அந்தக் காலத்து ஆள், விடுங்கோ" என்று சில அண்ணைமார் எழுதியிருந்தீர்கள். நாங்கள் பந்தடிக்கிற ஆட்கள், அதால் பந்துக் கதையே சொல்கிறேன். 2020 நவம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் கிளார்க், நாடாளுமன்றக் குழு முன் கறுப்பின வீரர்களை 'கலர்ட்' (நிறமுள்ளவர்கள்) என்றார். அன்றைக்கே பதவி விலகினார். இத்தனைக்கும், 1909இல் தொடங்கிய அமெரிக்கக் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கு. அப்ப மரியாதை, இப்ப அவமதிப்பு.

எங்கட திருகோணமலையில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தவர்கள்), காப்பிரியர் (ஆப்பிரிக்க வழிவந்தவர்கள்) எல்லாரும் இருக்கினம். குறூப்பிலும் கலந்துதான் இருக்கிறோம். மேடையில் அரசியல்வாதி சொன்னதைச் செய்தியாகப் பகிரலாம். பகிடியாகப் போட்டால் அழிப்பேன், ஆர் எண்டாலும் சரி.

பயிற்சி வழமைபோல பின்னேரம் 4.30க்கு, மக்கெய்சர் மைதானம்.

– அட்மின்